சங்கிலி வாளால் குற்றியைப் பலகையாக அரிவது: வன்னியிலிருந்து ஒரு கற்றுக்குட்டியின் கேள்வி பதில்

எங்கள் வளவில் அடுக்கி வைத்திருக்கும் பலகைகள் வேலிக்கு மேலால் தெரிகின்றன. தெருவால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். ஒரே கேள்விக்குப் பத்துத் தடவை பதில் சொல்லிக் களைத்துப் போய் இதை எழுதுகிறேன். நான் தச்சன் அல்லன். காணி ஒட்டுசுட்டான் பக்கம்; தொழில் வேறு. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் கொண்டுவந்த மழையில் வேர் இளகி எங்கள் கிணற்றடி வேம்பு சாய்ந்தது. விறகாக்க மனம் வராமல் தொடங்கியதுதான் இந்த வேலை.

சங்கிலி வாள் மரம் விழுத்துகிற வாள்தானே, அதால் பலகை அரிய முடியுமா?

முடியும். சங்கிலி சுற்றியோடும் நீண்ட தகட்டைக் கடைக்காரர்கள் ‘பார்’ என்கிறார்கள். அந்தப் பாரை இரும்புச் சட்டம் ஒன்றில் இரண்டு பக்கமும் இறுக்கிக்கொள்ள வேண்டும். சட்டம் குற்றியின் தட்டையான மேற்பரப்பில் வழுக்கிக்கொண்டு போகும்; நாம் வைத்த ஆழத்தில் வாள் படுக்கையாகக் கிடந்து அரியும். இதற்கு அலாஸ்கன் மில் என்று பெயர். பெயர்தான் பெரிது; என்னுடையதைக் கிளிநொச்சியில் ஒரு வெல்டிங் பட்டறையில் படம் காட்டிச் செய்வித்தேன்.

பக்கத்துக் காணி ஐயா இளவயதில் கிடங்கு வெட்டி, மேலே ஓர் ஆளும் கீழே ஓர் ஆளுமாக நின்று மரம் அரிந்தவர். நான் அரிவதை அரை மணி நேரம் நின்று பார்த்தார். “கீழே நிற்கிறவனின் கண்ணுக்குள் தூள் விழாது. அவ்வளவுதான் வித்தியாசம், தம்பி” என்றார்.

மரக்காலையில் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் அரிந்து தருவார்களே?

குற்றியை ஏற்ற முடியுமென்றால், அவர்களும் எடுத்தால், அங்கேயே கொடுங்கள். அவர்களின் நாடா போல ஓடும் பட்டை வாள் மெல்லியது. பலகை நேராக வரும். மரமும் குறைவாக வீணாகும்.

எனக்கு இரண்டும் சரிவரவில்லை. எட்டு அடி நீளமும் 17 அங்குல விட்டமும் உள்ள பச்சை வேப்பங்குற்றி முந்நூறு கிலோவுக்குக் குறையாது. உழவு இயந்திரம் பிடிக்க வேண்டும், தூக்க ஆள் பிடிக்க வேண்டும், வீதியால் கொண்டுபோக அனுமதி எடுக்க வேண்டும். அதற்கு மேல், வன்னியில் வளர்ந்த மரம் என்றதும் அரிகிறவரின் முகம் மாறுகிறது. 2009 வரை நடந்த போரின் இரும்பு இன்னும் மரங்களுக்குள் இருக்கிறது. நான் கேட்ட இடத்தில், வாள் உடைந்தால் அதன் விலை என் கணக்கில்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு பட்டை வாளின் விலையோடு ஒப்பிட்டால் என் சங்கிலியின் விலை ஒன்றுமே இல்லை.

எந்த அளவு வாள் வேண்டும்?

நெடுக்காக அரிவது வாளின் உயிரை வாங்கும் வேலை. குறுக்கே வெட்டும்போது வாள் சில நொடிகள் முக்கிவிட்டு ஓய்ந்துவிடும். இங்கே ஆறேழு நிமிடம் முழு வேகத்தில் நிற்க வேண்டும். 60 சி.சி.க்குக் குறைந்ததை நினைக்கவே வேண்டாம். 90 சி.சி. இருந்தால் நிம்மதி. என்னுடையது 72 சி.சி., 25 அங்குலப் பார். சட்டத்தின் இறுக்கிகள் நாலைந்து அங்குலத்தைப் பிடித்துக்கொள்வதால் இருபது அங்குல அகலத்துக்கு மேல் என்னால் அரிய முடியாது. வாங்கும்போது யாரும் சொல்லாத கணக்கு இது.

பெட்ரோலோடு இரண்டடிப்பு எண்ணெய் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், அதாவது ஐம்பதுக்கு ஒன்று. கார்புரேட்டரைச் சற்றுப் பெட்ரோல் கூடுதலாகப் போகும்படி வைப்பது நல்லது. பெட்ரோல் குறைந்து ஓடினால் எஞ்சின் சூடேறி இறுகிவிடும். ஓர் அரிவு முடிந்ததும் உடனே நிறுத்தாமல் அரை நிமிடம் மெதுவாக ஓடவிட்டு ஆறவையுங்கள். காற்று வடியை ஒவ்வொரு தாங்கி பெட்ரோலுக்கும் ஒரு தடவை தட்டுங்கள்.

சங்கிலிக்கு வாகனத்தில் இருந்து வடித்த பழைய எண்ணெயை ஊற்றுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். மலிவு என்கிறார்கள். அதற்குள் இரும்புப் பொடி இருக்கிறது. பாரின் காடியைத் தின்றுவிடும். என் முதல் பார் அப்படித்தான் போனது. மலிவாகவே போனது.

அனுமதி ஏதும் வேண்டுமா? என் சொந்தக் காணி மரம்தானே.

சொந்தக் காணியாக இருந்தாலும் முதலில் கிராம அலுவலரிடம் போங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பதை 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. முதிரை, பாலை, கருங்காலி என்றால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி கட்டாயம் வரும், வரத்தான் வேண்டும். ஏற்றி இறக்குவதற்கு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தனியானது. 2019 இல் அரசு சங்கிலி வாள்களையும் பதிவு செய்யச் சொல்லிவிட்டது. பதிவுத் தாளின் பிரதி ஒன்று என் எண்ணெய்ப் பெட்டிக்குள் எப்போதும் கிடக்கிறது.

காட்டுக்குள் விழுந்து கிடக்கும் மரத்தை அரியலாமா என்று கேட்கிறவர்களுக்கு: சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற நிறுவனங்கள் 2002 முதல் வடக்கில் துப்புரவு செய்கின்றன. மண்டையோட்டுச் சிவப்புப் பலகை இல்லாத இடமெல்லாம் சுத்தமான இடம் என்று நினைத்து, ஒரு குற்றிக்காகப் புதருக்குள் இறங்காதீர்கள்.

முதலில் எந்த மரத்தில் பழகலாம்?

மா அல்லது வேம்பு. மா மெதுமையானது, வாளைக் கஷ்டப்படுத்தாது. ஆனால் அரிந்து இரண்டு வாரத்துக்குள் காற்றுப் படாவிட்டால் நீலம் பூத்துவிடும். வேம்பு சற்று முரண்டு பிடிக்கும், நார் முறுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் பலகை அழகு. மலைவேம்பும் நல்லது.

பாலையில் தொடங்காதீர்கள். பச்சைப் பாலைக் குற்றியைக் குளத்தில் போட்டால் அடியில் போய்க் கிடக்கும், அவ்வளவு இறுக்கம். நான் ஒரே ஒரு பாலைக் குற்றியை அரிந்திருக்கிறேன். ஓர் அரிவுக்கு இரண்டு தடவை அரம் போட வேண்டியிருந்தது.

பனை அரியலாமா?

வேண்டாம். பனையின் வைரம் வெளிப்பக்கம், உள்ளே சோறு. படுக்கையாக அரிந்தால் நடுப்பலகைகள் உதவாது, ஓரப் பலகைகள் நார் நாராகப் பிரியும். எங்கள் ஆட்கள் காலங்காலமாகப் பனையை ஆப்பு வைத்துப் பிளந்து கைமரம் செதுக்கியதற்குக் காரணம் இருக்கிறது. பதுங்கு குழிக்கு மேலே அடுக்கிக் கிடந்த பனங்குற்றிகளைப் பற்றி ஒருவர் கேட்டார். அவற்றுக்குள் என்னென்ன பாய்ந்திருக்கிறது என்பது அந்தக் குழிக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். வாளை அதில் வைக்காதீர்கள்.

குற்றிக்குள் இரும்பு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைத்தான் எல்லோரும் கடைசியாகக் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது இது.

முதல் நாள் நான் வாளைத் தூக்கியபோது பக்கத்துக் காணி ஐயா கையைக் காட்டி நிறுத்தினார். “குற்றியைச் சுற்றி ஒருக்கால் பாரும்” என்றார். நான் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அவர் குந்தியிருந்து, உள்ளங்கையால் பட்டையைத் தடவிக்கொண்டே போனார். மாட்டைத் தடவுகிறவர் போல. ஓர் இடத்தில் கை நின்றது. பட்டை உதடு போல இரண்டு பக்கமும் தடித்து, நடுவில் ஒரு கோடு. “இது காயம் ஆறின இடம். இதற்குள் ஏதோ இருக்கிறது.”

கண்ணுக்குத் தெரியும் அடுத்த அடையாளம் குற்றியின் வெட்டு முகத்தில் இருக்கும். வேம்பு, புளி, மருது போன்றவற்றில் துவர்ப்பு இருப்பதால் இரும்பு பட்ட இடம் கரு நீலமாகிவிடும். மை ஊறினது போல நாரோடு மேலும் கீழும் நீளும். வெட்டு முகத்தில் அப்படி ஒரு புள்ளி தெரிந்தால், அதே நேர்கோட்டில் ஓரிரண்டு அடிக்குள் இரும்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். காந்தத்தை நம்பாதீர்கள், அது ஆழத்துக்கு எட்டாது. கையில் பிடிக்கும் சிறிய உலோகங்காட்டி வாங்கலாம். அதுவும் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் வரைதான் கேட்கும். ஆகவே ஒவ்வொரு பலகை எடுத்த பிறகும் புதிய முகத்தில் திரும்ப ஒரு தடவை ஓட்ட வேண்டும். சலிப்பான வேலை. சங்கிலி வாங்கக் கடைக்குப் போவது அதைவிடச் சலிப்பு.

உண்மையில் நான் சந்தித்த இரும்பில் பாதிக்கு மேல் போரோடு சம்பந்தமில்லாதது. வேலி மரத்துக்குள் வளர்ந்து மறைந்த முள்ளுக்கம்பி, கொடி கட்டிய ஆணி, ஆடு கட்டிய வளையம், ஊஞ்சல் கொக்கி. வீட்டோடு நின்ற மரத்தில் நிலத்திலிருந்து ஐந்தடி வரை எதையும் எதிர்பார்க்கலாம். ஈயமும் செம்பும் மட்டுமான துப்பாக்கிச் சன்னம் பட்டால் வாள் பெரும்பாலும் தப்பிவிடும். இரண்டும் மெது. தூளுக்குள் மினுமினுவென்று ஏதோ பறக்கும், அவ்வளவுதான். எறிகணைத் துண்டுதான் யமன். அது உருக்கு.

ஐயா காட்டிய இடத்தை உளியால் தோண்டினோம். மூன்று அங்குலம் போன பிறகு உளியின் சத்தம் மாறியது. வெளியே வந்தது குண்டுமணியைவிடச் சற்றுப் பெரிய, கோணல்மாணலான ஒரு துண்டு. அதைச் சுற்றி மரம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. கறுப்புக்கு வெளியே இருந்த வளையங்களை ஐயா ஈர்க்கால் எண்ணத் தொடங்கினார், பாதியில் விட்டுவிட்டார். நானும் மிச்சத்தை எண்ணவில்லை.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தோண்டும்போது துண்டாக இல்லாமல் உருண்டையாகவோ குழாயாகவோ, முழுப் பொருள் போல ஏதும் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். விலகி நின்று 119 இல் பொலிசுக்கு அறிவியுங்கள். பலகை பிறகு பார்க்கலாம்.

அப்படியானால் உங்கள் சங்கிலியை முதலில் கெடுத்தது எறிகணைத் துண்டா?

இல்லை. என் சொந்தத் திருகாணி. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

குற்றி உருண்டையாக இருக்கிறதே, முதல் அரிவுக்குத் தட்டையான முகம் எங்கே?

ஓர் ஏணி. நேரான அலுமினிய ஏணியோ, இரண்டு இரும்புப் பெட்டிச் சட்டங்களைச் சேர்த்துச் செய்ததோ எதுவும் சரி. அதைக் குற்றியின் மேலே கிடத்தி, இரண்டு அந்தத்திலும் கட்டையடித்துத் திருகாணியால் பொருத்த வேண்டும். மில் ஏணியின் மேல் ஓடும். முதல் பட்டைத்துண்டு போனதும் கீழே கிடைக்கும் முகம் ஏணி எவ்வளவு நேரோ அவ்வளவு நேராக இருக்கும். அடுத்த பலகைகளுக்கு ஏணி வேண்டியதில்லை. அந்த முகமே வழி.

ஆகவே முதல் முகத்தில் முறுக்கு இருந்தால் எல்லாப் பலகையிலும் அதே முறுக்கு வரும். இரண்டு நேரான தடிகளை ஏணியின் இரு அந்தத்திலும் குறுக்கே வைத்து, குனிந்து ஒரு கண்ணால் பார்த்து, இரண்டும் ஒரே கோடாகத் தெரியும் வரை ஆப்புச் செருகிச் சரிசெய்யுங்கள். நான் முதல் நாள் அவசரத்தில் நீர்மட்டத்தை ஒரு பக்கம் மட்டும் வைத்துப் பார்த்தேன்.

திருகாணி கதை இதுதான். முதல் குற்றிக்கு இரண்டு அங்குலத் திருகாணி போட்டேன், பிரச்சினை இல்லை. இரண்டாவது குற்றிக்கு அது கைக்கு எட்டவில்லை, மூன்றரை அங்குலத்தது எட்டியது. வாள் போகும் ஆழத்தை யோசிக்கவில்லை. கீச்சென்று ஒரு சத்தம், ஒரு பொறி. ஒரு பக்கத்துப் பற்கள் அவ்வளவும் மழுங்கிவிட்டன. வன்னியில் போர் இரும்புக்குப் பயந்து பயந்து கடைசியில் கடையில் காசு கொடுத்து வாங்கிய இரும்பில் கொண்டுபோய் வாளை வைத்தேன்.

அரிந்துகொண்டு போகும்போது இரண்டடிக்கு ஒன்றாகப் பின்னால் ஆப்பு வையுங்கள். இல்லாவிட்டால் மேல் பலகை இறங்கி வாளைக் கவ்வும். பிளாஸ்டிக் ஆப்பு, அல்லது மரத்தில் சீவியது. இரும்பு ஆப்பு வேண்டாம் என்று இனிச் சொல்லத் தேவையில்லை. குற்றியின் ஓர் அந்தத்தைச் சற்று உயர்த்திவிட்டால் மில் தன் பாரத்திலேயே இறங்கி வரும், முதுகு பிழைக்கும்.

சாதாரணச் சங்கிலி போதாதா?

போதும், ஆனால் மெதுவாகவும் கரடாகவும் அரியும். குறுக்கே வெட்டும் சங்கிலியின் பல் 30 பாகைச் சரிவில் தீட்டப்பட்டது. நெடுக்காக அரிய 10 பாகைச் சரிவு போதும். அதற்கென்று தனிச் சங்கிலி இருக்கிறது. கிடைக்காவிட்டால் சாதாரணச் சங்கிலியையே ஒவ்வொரு தடவை அரம் போடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்துப் பாகைக்குக் கொண்டுவரலாம். நான் அப்படித்தான் செய்தேன். நாலாவது தடவையில் பலகையின் முகம் மாறியது தெரிந்தது.

என் சங்கிலியில் 42 பற்கள். ஒரு பக்கம் 21. ஒவ்வொன்றுக்கும் ஒரே எண்ணிக்கையில், மூன்று இழுவை. உள்ளேயிருந்து வெளியே மட்டும். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்க வேண்டும். ஒரு பக்கத்துக்குக் கூடுதலாகப் போட்டால் வாள் அந்தப் பக்கம் இழுத்துப் பலகை வளைந்துவிடும். வலக்கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் எப்போதும் நன்றாக வரும். மற்றப் பக்கத்துக்குப் பொறுமை வேண்டும். பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறு மேடு, வெட்டு ஆழத்தைக் கட்டுப்படுத்துவது, பல்லின் நுனிக்கு ஏறக்குறைய 0.65 மில்லிமீற்றர் கீழே இருக்க வேண்டும். நாலைந்து தடவைக்கு ஒரு முறை அதையும் தட்டை அரத்தால் தேய்க்க வேண்டும்.

எப்போது அரம் போடுவது? தூளைக் கையில் அள்ளிப் பாருங்கள். ரவை போல உதிர்ந்தால் தொடருங்கள். குரக்கன் மா போல விரலில் ஒட்டினால் நிறுத்துங்கள். அதற்குப் பிறகு நீங்கள் தள்ளித்தான் அரிகிறீர்கள், வாள் அரியவில்லை. நான் ஒவ்வொரு தாங்கி பெட்ரோலுக்கும் ஒரு தடவை அரம் போடுகிறேன். ஒரு தாங்கி பதினைந்து, இருபது நிமிடம். அந்த இடைவெளியில் எஞ்சினும் ஆறும், தேநீரும் ஆறும்.

எவ்வளவு மரம் தூளாகப் போகும்?

கேட்டால் வயிறு எரியும். சங்கிலியின் வெட்டு அகலம் ஏறக்குறைய மூன்றெட்டு அங்குலம், பத்து மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. 17 அங்குலக் குற்றியைச் சதுரமாக்கினால் 12 அங்குலச் சதுரம் வரும். அதிலிருந்து ஓர் அங்குலப் பலகை ஒன்பது. எட்டு வெட்டில் மூன்று அங்குலம் தூள். மரக்காலைப் பட்டை வாளில் பத்துப் பலகை கிடைக்கும். இது காகிதக் கணக்கு. எனக்கு முதல் குற்றியில் கிடைத்தது ஏழு: ஒன்று எறிகணைத் துண்டு தோண்டிய பள்ளத்தில் போனது, ஒன்று என் முறுக்கு முகத்தைத் திருத்தப் போனது. நேரம் ஒரு முழு நாளும் மறுநாள் காலையும்.

தூளை என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். வேப்பந்தூளைக் கோழிக்கூட்டில் போடுகிறோம்.

பலகையை எப்படிக் காயவைப்பது?

பாதிப் பேர் இங்கேதான் மரத்தைக் கெடுக்கிறார்கள். அரிந்த அன்றே, முடிந்தால் குற்றியாக இருக்கும்போதே, இரண்டு வெட்டு முகத்துக்கும் பெயின்ற் தடித்துப் பூசுங்கள். மிச்சம் கிடந்த எந்த நிறமும் சரி. என் பலகைகளின் அந்தம் கோயில் மதில் நிறம். ஈரம் அந்தங்களால்தான் வேகமாகப் போகும், போனால் வெடிக்கும்.

நிலத்திலிருந்து ஓர் அடி உயர்த்தி சீமெந்துக் கல்லில் அடுக்குங்கள். கறையான் ஏறும் கோடு தெரிய வேண்டும் என்பதற்காகவே கல்லை வெளிப்படையாக விடுங்கள். வாரத்துக்கு ஒருக்கால் குனிந்து பாருங்கள். பலகைக்கும் பலகைக்கும் இடையில் முக்கால் அங்குலச் சிலாகை, ஒன்றரை அடிக்கு ஒன்று, மேலிருந்து கீழாக ஒரே நேரில். சிலாகை நேர் தவறினால் பலகை அலை அலையாக வளையும். மேலே பாரம். அதன் மேல் கிடுகு.

நம் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேகமாகக் காயட்டும் என்று காற்றுக்கு நேரே அடுக்கினேன். ஐந்தாம் நாள் இரவு படுத்திருக்கும்போது டக், டக் என்று சத்தம் கேட்டது. காலையில் பார்த்தால் மேல் பலகை இரண்டிலும் ஒரு சாண் வெடிப்பு. அன்றே காற்று வரும் பக்கத்தைக் கிடுகால் மறைத்தேன். வன்னிக் கோடையில் மரம் காயாது என்ற பயம் வேண்டியதில்லை, வேகம்தான் பகை. ஓர் அங்குலத்துக்கு ஒரு வருடம் என்ற குளிர் நாட்டுக் கணக்கும் நமக்குப் பொருந்தாது. மார்ச்சில் அடுக்கிய என் வேப்பம் பலகைகள் செப்டம்பரில் வேலைக்கு வந்தன. ஒரு சிறு பலகையை மாதா மாதம் தராசில் போட்டுப் பார்த்தேன். எடை குறைவது நின்றதும் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். மாரி தொடங்குமுன் உள்ளே எடுத்துவிடுங்கள்.

உடம்புக்கு ஆபத்து?

காது. முதலில் காது. மூடி இல்லாமல் ஒரு குற்றி அரிந்தால் இரவு முழுதும் காதுக்குள் வண்டு. பிறகு கண்ணாடி, மூக்கு மறைப்பு, கனமான சப்பாத்து. செருப்போடு அரிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பேசிப் பயனில்லை. அதிர்வில் விரல்கள் மரத்துப்போனால் அன்றைக்கு முடித்துவிடுங்கள்.

முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடித்துக் கொப்புளம் போடும். எனக்கு முழங்கையில் இரண்டு வாரம் இருந்தது. அழகான மரம், மஞ்சள் பட்டுப் போல. நீண்ட கைச்சட்டை போட்டுக்கொண்டு தொடுங்கள். தனியாக ஒருபோதும் அரியாதீர்கள். பக்கத்தில் ஒருவர் சும்மா இருந்தாலும் போதும்.

அந்த ஏழு பலகையால் என்ன செய்தீர்கள்?

நாலு பலகையில் அடுப்படிக்கு ஒரு மேசை. ஓடாவியார்தான் சீவித் தந்தார். அவரும் தன் சீவுளியை வைக்குமுன் பலகையைக் கையால் தடவினார். இரண்டு பலகை கிணற்றடியில் வாங்காக இருக்கிறது, மரம் நின்ற அதே இடத்தில். கறுத்த வட்டம் உள்ள பலகையை இன்னும் ஒன்றும் செய்யவில்லை; அடுக்கின் அடியில் கிடக்கிறது.

கூலிக்கு அரிந்து தருவீர்களா?

இல்லை. குற்றியை நீங்கள் தடவிப் பார்த்துவிட்டு வாருங்கள். ஏணியும் பத்துப் பாகைச் சங்கிலியும் இரவலாகத் தருகிறேன். திருகாணி நீங்கள் கொண்டுவர வேண்டும். இரண்டு அங்குலம்.